வந்த செய்தியை விசாரித்தீர்களா?

 

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி, மறைமொழிக் கடிதங்களைப் படித்தறியும் வழியைத் தனி நூலாகவே எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, மறைமொழியோடு ஒப்பிட்டால் திரை விலகும் என்பது அவர் காட்டிய நெறி. அவர் வளர்த்த கலை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பசிபிக் மாகடலில் ஒரு போரின் போக்கையே மாற்றிற்று.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அடுத்த சில மாதங்களில் தீவு தீவாக அதன் வசமாயின. 1942 மே மாதம், அத்துறைமுகத்து நிலவறை ஒன்றில் ஜோசப் ரோச்ஃபோர்ட் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவர்தம் குழுவினரும் ஜப்பானியரின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை இரவு பகலாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஐந்தைந்து இலக்கங்களாக வந்த அவ்வெண்களில் ஒரு பகுதியே அவர்களுக்குப் புலப்பட்டது. பெருந்தாக்குதல் ஒன்று வரவிருக்கிறது, இலக்கு 'ஏ.எஃப்.' அது எந்த இடம்? மிட்வே தீவே என்றார் ரோச்ஃபோர்ட். வாஷிங்டனில் சிலர் ஐயுற்றனர்.

அப்போது ஒரு தந்திரம் செய்தார்கள். கடலடிக் கம்பி வழியாக மிட்வேக்கு இரகசிய ஆணை போயிற்று. அதன்படி, குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டதென்று அத்தீவினர் மறைமொழியின்றி வெளிப்படையாக அறிவித்தனர். உண்மையில் இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை! ஒட்டுக்கேட்ட ஜப்பானியர், 'ஏ.எஃப்.'பில் குடிநீர்த் தட்டுப்பாடு என்று தம் மேலிடத்துக்குத் தெரிவித்தனர். ஐயம் தீர்ந்தது. தளபதி நிமிட்ஸ் 3 விமானந்தாங்கிக் கப்பல்களை மிட்வேக்கு வடகிழக்கே காத்திருக்கச் செய்தார். ஜூன் 4ஆம் நாள் போர் மூண்டது. ஜப்பான் 4 விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அமெரிக்கா ஒன்றை இழந்தது. 3,000க்கும் மேற்பட்ட ஜப்பானியரும் 300க்கும் மேற்பட்ட அமெரிக்கரும் மாண்டனர்.

சகோதர சகோதரிகளே! போர்த் தந்திரத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஒட்டுக்கேட்டவனின் செயலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவன் பொய்யொன்றும் புனையவில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடியே அனுப்பினான். 'எதிரி தன் குறையை ஏன் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறான்?' என்று அவனும் அவன் மேலிடத்தாரும் ஒரு கணம் நிதானித்திருக்கலாம். நிதானிக்கவில்லை.

நாம் மட்டும் நிதானிக்கிறோமா? யாரோ காதில் போட்ட ஒரு சொல்லால் நின்றுபோன நிக்காஹ்கள் எத்தனை! பேச்சற்றுப் போன உடன்பிறப்புகள் எத்தனை! இன்றோ கைப்பேசியில் வந்ததை மறுநொடியே பலருக்கு அனுப்பிவிடுகிறோம். கேட்டால், "நானாகச் சொன்னேனா? வந்ததைத்தானே அனுப்பினேன்?" என்கிறோம். அந்த ஒட்டுக்கேட்டவனும் அதையே செய்தான்.

நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்று காரணமும் கூறுகிறது. கப்பல் மூழ்கிய பின் வருந்திப் பயனில்லை. ஒரு குடும்பத்தின் மானம் மூழ்கிய பின்னும் அப்படியே.

ஆகவே அடுத்த முறை ஒரு செய்தி வரும்போது, சொன்னவர் யார், நேரில் கண்டாரா, பிறரிடம் சொல்வதால் யாருக்கு என்ன நன்மை என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அச்செய்தி உங்களோடு முடியட்டும்.

நாவையும் செவியையும் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.