உறிஞ்சினால் உறவாகிவிடுமா?

'குத்தி உறிஞ்சும் வாய் உள்ள பூச்சிகள் எல்லாம் ஒரே கூட்டம். மரபணுக்காரர்கள்தான் வீணாகக் குழப்புகிறார்கள்' என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. குழப்பம் மரபணுவில் இல்லை, கட்டுரையாளரின் அவசரத்தில் இருக்கிறது.

கொசுவின் உறையை விலக்கினால் ஆறு ஊசிகள். மூட்டைப்பூச்சிக்கு நான்குதான்: வெளியே இரண்டு, உள்ளே இரண்டு. உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ரத்தம் ஏற ஒரு வழியும் எச்சில் இறங்க ஒரு வழியும் அமைக்கின்றன. இரண்டும் ரத்தம் குடிப்பவை. ஆனால் கொசு ஈயின் உறவு, மூட்டைப்பூச்சி அசுவினியின் உறவு. (இலைப்பேனுக்கு இடது தாடை மட்டுமே வளர்கிறது என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.)

அடுத்து, 'ஹோமாப்டீரா' என்ற பழைய வரிசையை ஏன் கலைத்தார்கள் என்று கோபிக்கிறார். முன்னிறக்கை முழுவதும் ஒரே சீராக இருப்பவற்றை அதில் போட்டார்கள். பாதி தடித்தும் பாதி மெலிந்தும் இருந்தால் 'ஹெட்டிராப்டீரா'. 1990-களில் ரைபோசோம் மரபணுக்களை ஒப்பிட்டபோது இந்தப் பிரிவினை நிற்கவில்லை. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை முதலில் பிரிந்த தனிக் கிளை. நெல்வயல் புகையானுக்கு அசுவினியைவிடக் கதிர் நாவாய்ப்பூச்சியே நெருங்கிய சொந்தம்! இறக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

மருந்துக்கடைப் பலகைக்கு 'சாறு உறிஞ்சும் பூச்சிகள்' என்ற தலைப்பு போதும். வகைப்பாட்டுப் பாடத்தில் அதற்கு இடமில்லை.