அம்மா வீடு யாரு வீடு?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுட்டு இருந்த விஷயம். போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல சித்தப்பா பத்த வெச்சுட்டார். "அம்மாவைக் கொண்டுபோய் இல்லத்துல தள்ளினது பத்தாதுன்னு எங்க அண்ணன் கட்டின வீட்டையும் விக்கிறியாமே?" பந்தி நடுவுல, சாம்பார் வாளியும் கையுமா நின்னேன். அங்க ஒண்ணும் சொல்லலை. இங்க சொல்லிடறேன், கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கங்க மக்களே.

அம்மாவுக்கு 79. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் தனியா எழுந்து நிக்க முடியாது. ராத்திரியில ரெண்டு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். ஒன்றரை வருஷம் வீட்டுல ஆள் வெச்சுப் பார்த்தோம். ஏழு பேர் வந்தாங்க, ஏழு பேரும் போயிட்டாங்க. இப்போ இருக்குற இல்லத்துல ராத்திரியும் நர்ஸ் உண்டு. மாசம் 38,000 ரூபாய். மாத்திரை, டயப்பர் தனி. குடும்ப பென்ஷன் 14,000 வருது. மீதியை நானும் தங்கச்சியும் போடறோம். அமெரிக்காவுல இருக்குற அண்ணன் மூணு மாசம் அனுப்பினார், அப்புறம் "இங்க செலவு ஜாஸ்திடா".

மதுரையில 1986-ல கட்டின வீடு பூட்டிக் கிடக்கு. மாடி ஒழுகுது. வாடகைக்கு விட்டா 11,000 வரும், அதுக்கு முன்னாடி ரிப்பேருக்கு 3 லட்சம் வேணும். வித்தா, வரி கிரி எல்லாம் போக 60 லட்சம் நிக்கும்.

அண்ணன் ஒரு மெயில் போட்டார், "ரிவர்ஸ் மார்ட்கேஜ் போடலாமே, வீடும் நம்மகிட்டயே இருக்கும்". (அந்த 'நம்ம'வைக் கவனிங்க.) 2007 பட்ஜெட்ல ப.சிதம்பரம் அறிவிச்ச திட்டம் அது. 60 வயசு தாண்டினவங்க குடியிருக்குற சொந்த வீட்டை அடமானம் வெச்சு மாசாமாசம் பணம் வாங்கிக்கலாம், இருக்குற வரைக்கும் திருப்பிக் கட்ட வேண்டாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தேசிய வீட்டுவசதி வங்கியோட விதிமுறைப்படி அந்த வீட்டுலயே குடியிருக்கணும். முதியோர் இல்லத்துக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ நிரந்தரமா போயிட்டா கடனைத் திருப்பிக் கட்டணும். அதாவது, படுக்கையில விழுந்து மாசச் செலவு எகிறுற நேரம் பார்த்து திட்டம் கையை விரிச்சுடும். எங்க அம்மா மாதிரி ஆளுக்கு இது எதுக்கு?

வித்த கணக்கைப் பாருங்க. முதியோர் சேமிப்புத் திட்டத்துல 2023-ல உச்சவரம்பை 15 லட்சத்துலேர்ந்து 30 லட்சமாக்கினாங்க, வட்டியும் 8.2 சதவீதம் ஆச்சு. அந்தக் கணக்குல மாசத்துக்கு 20,500. மீதி 30 லட்சத்துக்கு பேங்க்ல ஆறரைன்னு வெச்சாலும் 16,250. பென்ஷனையும் சேர்த்தா 50,000 தாண்டுது. அசல்ல கை வைக்கவே வேண்டாம்! நாளைக்குப் பங்கு கேக்கறவங்களுக்கும் அது அப்படியே இருக்கும். அப்புறம் எதுக்கு இவ்வளவு அழுகை?

பத்திரம் அம்மா பேர்ல இருக்கு. அவங்க இருக்குற வரைக்கும் எனக்கோ அண்ணனுக்கோ அதுல ஒரு செங்கல்கூட கிடையாது. அப்பா பேர்ல இருந்து, உயில் எழுதாம போயிருந்தார்னா வாரிசுச் சட்டப்படி அம்மாவோட நாங்க மூணு பேரும் சமபங்கு. முழு வீட்டையும் விக்க நாலு கையெழுத்து வேணும். ஒருத்தர் போட மாட்டேன்னா அம்மாவோட வைத்தியமும் அங்கேயே நிக்கும். எத்தனை வீட்டுல இது நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

"அப்பா ரத்தம் சிந்திக் கட்டின வீடு" - சரி சித்தப்பா, யாருக்காகக் கட்டினார்? அண்ணன் மூணு வருஷத்துக்கு ஒருதடவை வந்து போட்டோ எடுத்துக்கிறதுக்கா? டயப்பர் மாத்த ஒருநாள்கூட வராதவங்களுக்கெல்லாம் சுவர் மேல மட்டும் எங்கேர்ந்துங்க இவ்வளவு பாசம் வருது?

ஆனா ஒண்ணு. முதல் தடவை பேச்சை எடுத்தப்ப அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "வித்துட்டா, உடம்பு தேறினா நான் எங்கடா திரும்பி வர்றது?" சித்தப்பாவுக்கு இவ்வளவு பதில் சொல்றவன் அன்னிக்கு வாயே திறக்கலை. ஆறு மாசம் அந்தப் பேச்சையே எடுக்கலை. அப்புறம் அவங்களே ஒருநாள் கூப்பிட்டு, "வித்துடு. பணத்தை என் பேர்லயே போடு. எவன் பேர்லயும் போடாதே, உன் பேர்லயும்தான்"னாங்க.

அப்படியேதான் செய்யப்போறோம். நடமாட முடியாதவங்க இருக்குற இடத்துக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்ய சட்டத்துல வழி இருக்கு, மனு கொடுத்தாச்சு. அம்மா பேப்பர்ல கையெழுத்துப் போட்டுப் பழகிட்டு இருக்காங்க, கை நடுங்குது.

டிஸ்கி: "எங்க அம்மா எனக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டாங்க, நான் பார்த்துக்கறேன்"ங்கிற புண்ணியவான்களுக்கு: 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவைப் படிச்சு வெச்சுக்கங்க. பார்த்துக்கணும்னு நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்ததை, பார்த்துக்கலைன்னா தீர்ப்பாயம் ரத்து பண்ணலாம்.