கீசர் வால்வை அடைக்கச் சொல்கிறவர்களுக்கு

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு முழுதும் படியுங்கள்.

"சார், கீசர் வால்வுல தண்ணி சொட்டுது. டம்மி போட்டு அடைச்சிடவா?" என்று பிளம்பர் கேட்கிறார். "அடைச்சிடுப்பா, தரையெல்லாம் ஈரம்" என்கிறோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. தரை காய்ந்துவிட்டது என்று நமக்கும் நிம்மதி. ஆனால் பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்கு மேலே தொங்கும் பாத்திரத்தின் ஒரே மூச்சுக்குழலை அல்லவா அடைத்திருக்கிறோம்! குக்கரின் சேஃப்டி வால்வை யாராவது எம்-சீல் வைத்து அடைப்பார்களா?

எட்டாம் வகுப்பு அறிவியல் போதும் இதைப் புரிந்துகொள்ள. சூடானால் நீர் விரியும். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய கால் லிட்டர் கூடும். வந்த வழியே திரும்பிப் போக முடியாது. அதே வால்வு தண்ணீரைப் பின்னால் விடாது. எனவே கூடுதல் நீர் வால்வின் வாய் வழியாகச் சொட்டுகிறது. அதன் வேலையே அதுதான்.

சொட்டுவது எப்போது என்று பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

சுவிட்ச் போட்டுச் சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால் பழுது எதுவும் இல்லை.

சூடே இல்லாதபோதும் சொட்டுகிறதா? பிரஷர் பம்ப் ஓடும்போது தொடங்கி, ஓய்ந்ததும் நின்றால், குற்றவாளி பம்ப். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைக் குழாயில் வைக்க வேண்டும்.

எந்நேரமும் சொட்டினால், நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அந்தக் கீசருக்கு உரிய அளவில் புது வால்வு மாற்றுங்கள். அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

கொதிநீரோ ஆவியோ வந்தால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை என்று பொருள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கீசர் அருகே போகாதீர்கள்.

அந்த நாளில் வால்வு அடைபட்டிருந்தால்? அழுத்தத்தால் நீர் 100 டிகிரிக்கு மேலும் நீராகவே இருக்கும். தொட்டி வெடித்த கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாக மாறும். ஒரு லிட்டர் நீர் சுமார் 1,600 லிட்டர் ஆவி. சுவர் தாங்குமா, மனிதர் தாங்குவாரா?

பிளம்பரை மட்டும் திட்டுவதில் நியாயமில்லை. பிரஷர் பம்பைப் பொருத்திவிட்டு, கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்க்காத கட்டுநர்களே, பதில் சொல்லுங்கள். வாடகை வீட்டில் 'சொட்டு நின்றால் போதும்' என்கிற வீட்டுக்காரர்களே, குளிப்பது உங்கள் பிள்ளை என்றால் அடைப்பீர்களா?

தரை ஈரமாவதுதான் கவலை என்றால், வால்வின் வாயில் சிறு குழாய் மாட்டி, கீழ்நோக்கி வடிகாலுக்கு விடுங்கள். அதன் முனை திறந்தே இருக்கட்டும்.

இன்றே உங்கள் கீசரைப் பாருங்கள். வால்வு அடைபட்டிருந்தால் சுவிட்சைப் போடாதீர்கள், முதலில் சரிசெய்யுங்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் வீட்டையும் மறக்க வேண்டாம்.