வண்டி வைத்தியம்: சென்சார் மாற்றியும் மஞ்சள் விளக்கு அணையவில்லையே, ஏன்?

‘‘காய்கறி ஏற்றிச் செல்ல பெட்ரோல் குட்டி யானை வைத்திருக்கிறேன். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ‘ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் போய்விட்டது’ என்று சென்சாரை மாற்றினார்கள். மூன்றாம் நாளே மறுபடியும் எரிகிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. இப்போது இன்னொரு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் எஃப்.சி. காட்ட வேண்டும். என்ன செய்யலாம்?’’

- வாசகர், திருப்போரூர், செங்கல்பட்டு மாவட்டம்.

இன்னொரு சென்சார் வாங்குவதை உடனே நிறுத்துங்கள். சில ஆயிரம் ரூபாய் சமாசாரம் இது. ஸ்கேனரில் வந்தது பி0135 என்ற எண் என்று கடிதத்தின் கீழே குறித்திருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கு ‘முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு’ என்றுதான் பொருள். சுற்று என்றால் ஃப்யூஸ், ரிலே, வயர், கப்ளர், சென்சார், வண்டியின் கம்ப்யூட்டரான இ.சி.எம். எல்லாம் சேர்ந்தது. இதில் எது கெட்டாலும் அதே எண்தான் வரும். போர் மோட்டார் ஓடவில்லை என்றால், ஃபியூஸ் கட்டை, ஸ்டார்ட்டர், கேபிள் எதையும் பார்க்காமல் எடுத்த எடுப்பில் மோட்டாரை மேலே தூக்குவோமா? அந்தக் கதைதான் இங்கே நடந்திருக்கிறது.

இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து இ.சி.எம்.முக்குச் சொல்வது இதன் வேலை. அதை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். இது சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். ஆரம்ப காலத்தில் புகையின் சூட்டை மட்டுமே நம்பியிருந்தார்கள். சூடாகும் வரை இன்ஜின் குருட்டாம்போக்கில் பெட்ரோல் குடிக்கும். பிறகு உள்ளேயே ஒரு ஹீட்டரை வைத்தார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் சென்சார் தயாராகிவிடும்.

அந்த ஹீட்டர், சாலிடரிங் அயர்ன் மாதிரியே ஒரு சங்கதி. அளந்து பார்த்தால் 6 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர், அதாவது 24 வாட். வண்டி குளிர்ந்திருக்கும்போது எழுத்து எழுத்தாக இந்தக் கணக்குப் பொருந்தும். சூடேறச் சூடேற ஓம் கூடும், ஆம்பியர் குறையும்.

இனி பரிசோதனை. உங்கள் மெக்கானிக்கிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். மல்டிமீட்டரும், இரண்டு வயர் கட்டிய 5 வாட் பல்பும் போதும்.

முதலில் எண்ணை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பி0135 முன் சென்சார். பி0141 பின் சென்சார். புகை சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது ஒன்று, பின்னால் இருப்பது இன்னொன்று. எட்டுவதற்குச் சுலபமாக இருக்கிறதே என்று தவறான சென்சாரைக் கழற்றி மாற்றிய வண்டிகள் நிறையவே பட்டறைக்கு வருகின்றன. பி0031, பி0037 என்று இரண்டும் ஒன்றாக வந்தால் இன்னும் நல்லது. இரண்டு சென்சாரும் ஒரே நாளில் சேர்ந்து சாகாது. இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸையோ ரிலேயையோ பாருங்கள். பல வண்டிகளில் அந்த ஃப்யூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். விலையைச் சொல்லவே வேண்டாம். புதிய ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ வயர் பாடியில் தொடுகிறது என்று அர்த்தம். அதற்காகப் பெரிய ஃப்யூஸ் போட்டுவிடாதீர்கள், வயரிங் எரியும்.

அடுத்து, வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஓம் பாருங்கள். சாதாரணச் சென்சாரில் நான்கு வயர் இருக்கும். அதில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு பெரும்பாலும் ஹீட்டர் வயர்கள். சில தயாரிப்பில் வெள்ளை, சிலவற்றில் கறுப்பு. இவற்றுக்கு இடையே 3 முதல் 15 ஓமுக்குள் காட்டினால் ஹீட்டர் இழை உயிரோடு இருக்கிறது. சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மீட்டர் அசையவே இல்லை என்றால் இழை அறுந்துவிட்டது. அப்போது சென்சாரை மாற்றுவதில் தப்பே இல்லை. ஹீட்டர் வயருக்கும் சென்சாரின் இரும்பு உடம்புக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே எர்த் ஆகிறது.

ஓம் சரியாக இருந்தால் கோளாறு வயரிங் பக்கம். இங்கேதான் மீட்டர் நம்மை ஏமாற்றும். சாவியைப் போட்டு கப்ளரின் வண்டிப் பக்கத்தில் வைத்தால் 12 வோல்ட் காட்டும், ‘கரன்ட் வருதே’ என்று விட்டுவிடுவார்கள். (சில மாடல்களில் இன்ஜின் ஓடினால்தான் வரும்.) கோடையில் உங்கள் பம்ப்செட்டை நினைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது லைனில் 230 காட்டும். மோட்டாரைப் போட்ட மறு நொடி 170-க்கு இறங்கிவிடும். கப்ளர் பின் பச்சை பூத்திருந்தாலும், வயரின் இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் சொல்லும். சுமை ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும்.

அதற்குத்தான் பல்பு. ஸ்கேனரில் எண்ணை முதலில் அழித்துவிடுங்கள். பழைய எண் இருக்கும்வரை சில இ.சி.எம்.கள் ஹீட்டருக்கு மின்சாரமே விடாது. பிறகு கப்ளரின் வண்டிப் பக்கத்தில் ஹீட்டருக்கான இரண்டு பின்களுக்கு நடுவே பல்பைக் கட்டி, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்தாலோ, விட்டுவிட்டு எரிந்தாலோ வயரிங் நலம். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. எரியவே இல்லை என்றால், பல்பின் ஒரு முனையை எடுத்து பாடியில் எர்த் கொடுங்கள். இப்போது எரிந்தால், 12 வோல்ட் வயர் சரி, இ.சி.எம்.முக்குப் போகும் வயரில் அறுப்பு. அந்த வயரும் முழுசாக இருந்தால்தான் இ.சி.எம். மேல் சந்தேகப்பட வேண்டும். கடைசிச் சந்தேகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்ததும், கோயம்பேட்டில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெருங்குடிக்கு வரச் சொல்லியிருந்தோம், நீங்களும் வந்தீர்கள். மற்ற வாசகர்களுக்காக அதைச் சொல்கிறேன். ஃப்யூஸ் நலம். புதுச் சென்சாரில் 6 ஓம், அதுவும் நலம். மீட்டரில் 12.3 வோல்ட். பல்போ மின்மினிப் பூச்சி மாதிரி எரிந்தது. கப்ளரைப் பிரித்தால் ஒரு பின் முழுக்கப் பச்சை. மழையில் தேங்கிய தண்ணீரில் வண்டி ஓடியதை நீங்களே சொன்னீர்கள். பின்னை மாற்றி, ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டு, பொருளும் கூலியும் 300 ரூபாய்க்குள் முடிந்தது. கழற்றிப் போட்ட பழைய சென்சாரையும் அளந்து பார்த்தோமே, அதிலும் 6 ஓம். பத்திரமாக வைத்திருங்கள், உதவும்.

பெருங்குடியில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பச்சை பழகிய ஒன்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இங்கே வண்டிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, கப்ளரில் இறங்கி, மாதங்கள் கழித்துப் பச்சையாக வெளிப்படும். மற்றது உடனடிச் சேதம்: நெருப்பாகக் கொதிக்கும் பீங்கான் மேல் சில்லென்று தண்ணீர் பட்டால் கீறல் விடும். குளிர்ந்த காலையில் சைலன்சருக்குள் ஈரம் கோத்திருக்கும் என்பதால், பல வண்டிகளில் அந்த ஈரம் காயும் வரை ஹீட்டரை முழு வேகத்தில் விடாமல் இ.சி.எம்.மே தாமதிக்கும். சூடான வண்டியை வெள்ளத்தில் இறக்கினால் அந்தப் பாதுகாப்பு எல்லாம் செல்லாது. முழங்கால் தண்ணீர் என்றால் காத்திருப்பதே மேல். வாழைத்தாரோ கீரையோ, ஒரு நாள் நஷ்டத்தோடு போகட்டும்.

கிராமத்து வண்டிகளில் வேறு ஒரு வில்லன் உண்டு: எலி. வைக்கோல் போர் ஓரமும், தானிய மூட்டைகளுக்குப் பக்கத்திலும் நிறுத்தும் வண்டிகளில் வயரைக் கடித்து வைத்துவிடும். அறுந்ததை ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. சென்சார் பக்கத்து வயரில் ஈயப்பற்று வைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயமோ கிரீஸோ அடைத்தால் மூச்சு முட்டும். அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பே சரி. சைலன்சர் இணைப்பில் சாதாரண சிலிக்கான் பசையைப் பூசுவதும் ஆகாது. அதன் ஆவி சென்சாருக்கு விஷம்.

விளக்கு எரிந்தால் என்ன, வண்டிதான் ஓடுகிறதே என்று விடலாமா? பின் சென்சாரின் ஹீட்டர் என்றால் மைலேஜ் பெரிதாகக் குறையாது, அவசரமில்லாமல் பார்க்கலாம். முன் சென்சார் என்றால் விடக் கூடாது. சூடாகத் தாமதமாகும், ஐடிலிங்கில் நிற்கும்போது ஆறியும் போகும். அதிகப்படி பெட்ரோல் நாள்கணக்கில் கன்வெர்ட்டருக்குள் போனால் அதையும் கெடுக்கும். அதன் விலைக்கு முன் சென்சார் விலை ஒன்றுமே இல்லை. எஃப்.சி.க்குப் போகும் முந்தின நாள் ஸ்கேனரில் எண்ணை அழித்து விளக்கை அணைத்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். கோளாறு அப்படியே இருந்தால் இரண்டு மூன்று ஸ்டார்ட்டில் திரும்பி எரியும். உங்களுக்கு அந்த வேலை தேவைப்படாது.

‘‘எங்கள் பைக்கிலும், டிராக்டரிலும் இந்தச் சென்சார் இருக்கிறதா?’’

- வாசகர், மதுராந்தகம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பைக்குகளில் இருக்கிறது. சைலன்சர் குழாயில் இன்ஜினுக்குப் பக்கத்தில் திருகியிருக்கும். ஒரே ஒரு வயர் வந்தால் அதில் ஹீட்டர் கிடையாது, புகைச் சூடே போதும். ஓட்டி வந்த சூட்டோடு பிரஷர் வாட்டர் அடிக்காதீர்கள். டிராக்டர் டீசல் என்பதால் பெரும்பாலானவற்றில் இந்தச் சென்சார் இல்லை. ஆனால், எலி டிராக்டர் வயரையும் கடிக்கும். விதைப்புக்கு முன்பு பானட்டைத் திறந்து ஒரு முறை பாருங்கள்.