"பழகத்தானே வந்தாய்?"



அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், 'கொமடி ஸ்டோர்' என்றொரு மண்டபம் 1972இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஒருவர் தனியே மேடையேறி, பேசியே சபையைச் சிரிக்க வைக்க வேண்டும். அங்கே மதுவும் உண்டு, நாக்கூசும் பேச்சும் உண்டு. நம் பிள்ளைகள் போகத்தக்க இடமல்ல. ஆனால் அங்கே எழுந்த ஒரு கூலித் தகராறு நம் வீடுகளிலும் இருக்கிறது.

சில நிமிட மேடைக்காக இளைஞர்கள் ஊர்விட்டு வந்து காத்துக் கிடந்தார்கள். பார்க்க வந்தோரிடம் வாசலில் காசு வாங்கப்பட்டது. பரிமாறியவருக்குச் சம்பளம், கூட்டித் துடைத்தவருக்குச் சம்பளம். சிரிக்க வைத்தவருக்கு மட்டும் ஒன்றுமில்லை! இது பயிற்சிக்கூடம், பழகுகிறவருக்குக் கூலி எதற்கு என்பது உரிமையாளரான மிட்ஸி ஷோர் என்ற பெண்மணியின் வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பெயர்பெற்ற பலர் அங்கே பழகியவர்களே. என்றாலும் காசு கொடுத்து வந்த சனம் பயிற்சி பார்க்கவா வந்தது? 1979இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னாளில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற டேவிட் லெட்டர்மன், ஜே லெனோ இருவரும் அதில் நின்றார்கள். ஏறக்குறைய ஆறு வாரம் இழுபட்டு, ஒருமுறை மேடையேற 25 டொலர் என்று முடிந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தையல் பழக ஒரு பிள்ளை வருகிறாள். முதல் மாதம் துணியைப் பாழாக்குகிறாள். சரி, அது பழகும் காலம். அடுத்த பெருநாளுக்கு அவள் தைத்த சட்டைக்கு நீங்கள் முழுக்காசு வாங்குகிறீர்கள். அப்போதும் "பழகத்தானே வந்தாய், மகள்?" என்றால் எப்படி?

பழக்கிக் கொடுப்பதே கூலியாக இருக்கலாம். ஆனால் எத்தனை மாதம், என்ன வேலை என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு நின்றதும் எட்டு ஆண்டு, தாமாக விரும்பினால் பத்து என்று பேசிக்கொண்டுதான். பிள்ளையை அனுப்பும் உம்மாமாரே, நீங்களும் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸ் புகாரியில் வருகிறது.

(எங்கள் மத்ரஸாக்களிலும் மூத்த மாணவர் சிறுவருக்கு ஓதிக்கொடுக்கிறார்கள். அதை நிர்வாகசபைகளுக்கு வேறாக எழுத வேண்டும்.)

ஒன்றும் பேசாமலே காலம் ஓடியிருந்தால், அந்த வேலைக்கு ஊரில் என்ன கூலியோ அதைக் கணக்கிட்டு, அவள் கையிலேயே கொடுத்துவிடுவது பேணுதலானது.