எடை மாயையா? பாவைக் கூத்து சொல்லும் கணக்கு!

இராஜாக்கமங்கலத்திலிருந்து கடற்கரையோரமாக மேற்கே போனால் மணவாளக்குறிச்சி வரும். அங்கே மணலில் தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். கயிற்றில் ஒட்டிக்கொண்டு சீமைக்குப் போன மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது!

தோரியத்தின் அணுக்கருவில் 90 புரோட்டான்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே இன மின்சாரம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். ஆனாலும் எளிதில் சிதறுவதில்லை. வலிமையான அணுக்கரு விசை அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது.

எடை எங்கே?

புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் உண்டு. அவற்றின் எடையைக் கூட்டினால் புரோட்டான் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். 60 கிலோ ஆளுக்கு 600 கிராம்! மீதி எங்கிருந்து வந்தது? குவார்க்குகளின் ஓட்டமும், அவற்றைக் கட்டியிழுக்கும் விசையின் சக்தியும்தான் எடையாகத் தெரிகின்றன. சக்தியே எடை என்று 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னார் அல்லவா?

இதைக் கணக்கிட்டு எடுப்பது லேசான காரியம் அல்ல. 2008-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் ராட்சதக் கம்ப்யூட்டர்களைக் கொண்டு, சில சதவிகிதப் பிழைக்குள் கணக்கிட்டார்கள்.

திரைக்குப் பின்னால்

இன்னொரு வழியும் உண்டு. அதற்குப் பெயர் 'ஹோலோகிராம்' முறை. 1997-ல் யுவான் மால்டசேனா என்ற அர்ஜென்டினாக்காரர் வழிகாட்டினார்.

நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். திரை தட்டையானது. பின்னால் ஆழம் இருக்கிறது. பாவையை விளக்கின் பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகும். ஆழம், நிழலின் அளவாக மாறிவிடுகிறது. அதுபோல, நமது உலகத்து விசையைத் திரையாக வைத்து, பின்னால் ஒரு திசை கூடுதலாக உள்ள ஈர்ப்பு விசை உலகத்தைக் கற்பனை செய்கிறார்கள். திரையில் சிக்கலாக இருக்கும் கணக்கு, பின்னால் போனால் எளிதாகிறது. அந்த ஆழத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டால், வீணைத் தந்தியில் போலக் குறிப்பிட்ட சுரங்களே எழும். ஒவ்வொரு சுரமும் ஒரு துகளின் எடை!

2005-ல் எர்லிக், காட்ஸ், சோன், ஸ்டெபனோவ் ஆகிய நால்வர் மூன்றே எண்களை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மேசான் என்னும் துகள்களின் எடை முதலியவற்றை ஏறக்குறைய 10, 15 சதவிகிதப் பிழையோடு சொல்லிவிட்டார்கள்.

வீண் பேச்சு

"பார்த்தீர்களா, உலகமே நிழல்! மாயை என்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று இதை வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தவறு. கூத்தில் பாவை நிஜம், நிழல் போலி. இங்கே அப்படி அல்ல. திரையும் பின்புறமும் ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்கின்றன. மேலும், மால்டசேனா எடுத்துக்கொண்டது நம் விசைக்கு உறவான வேறொரு விசையை. நம் விசைக்கு அது அப்படியே பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மணல் மூட்டை தூக்குகிறவரிடம் போய், எடை மாயை என்று சொல்லிப் பாருங்கள்!

"இத்தனை பிழை உள்ள கணக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 15 சதவிகிதம் தவறுகிற தராசை வைத்து மீன் விற்றால் யார் சும்மா விடுவார்கள்? சரியான எடை வேண்டுமானால் கம்ப்யூட்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் விடையைச் சொல்லும். எடை ஏன் படிப்படியாக ஏறுகிறது என்பதை மனக்கண்ணில் காட்டாது. அதைக் காட்டுகிறது இந்தப் பாவைக் கணக்கு. காகிதமும் பென்சிலும் போதும், ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.