பச்சைத் தூளும் பச்சைப் பொய்யும்



சம்பள நாள் வந்தால் தோட்டத்துக்குள் யார் யார் நுழைகிறார்கள் என்பதை நாம் அறிவோம். வட்டிக்காரர் வந்தார், புடவை மூட்டைக்காரர் வந்தார், சீட்டுப் பிடிப்பவர் வந்தார். இப்போது புதிதாக ஒருவர் வருகிறார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பளபளக்கும் டப்பா, நாக்கில் தேன்! “அண்ணே, இது ஜப்பான் நாட்டுப் பச்சைத் தேயிலைத் தூள். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி. இனிப்பு நீர் மூன்றே மாதத்தில் ஓடிவிடும். ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்” என்கிறார்.

தூளின் மேல் நமக்குப் பகை இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல்தான் பகை!

தேயிலையைப் பற்றித் தமிழனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை மலையகத்திலும், நீலகிரியிலும், 1929-ல் தொடங்கிய கேமரன் மலைத் தோட்டத்திலும் அந்தக் கொழுந்தைக் கிள்ளியது நம் இனத்தாரின் விரல்கள். நல்ல இலை கப்பலேறிச் சீமைக்குப் போனது; கழிவுத் தூள் நம் குவளைக்கு வந்தது. இன்று அதே செடியின் இலையை அரைத்து, அழகிய டப்பாவில் அடைத்து, அமுதம் என்று நம்மிடமே விற்க வருகிறார்கள்!

இந்தப் பச்சைத் தூள் என்பது என்ன? செடியை மூன்று வாரம் போல நிழலில் மூடி வைத்து வளர்ப்பார்கள். கொழுந்தைப் பறித்து ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, கல் இயந்திரத்தில் மாவாக அரைப்பார்கள். சாதாரணத் தேநீரில் சாற்றைக் குடித்துச் சக்கையைக் கொட்டுகிறோம். இதிலோ இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நன்மை உண்டா? உண்டு. மறைக்கவேண்டியதில்லை. ஜப்பானில் 40,530 பேரைப் பதினொரு ஆண்டுகள் வரை கவனித்து, 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பச்சைத் தேநீர் அதிகம் குடித்தவர்களிடையே இருதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். ஆனால் புற்றுநோய் மரணம் குறையவில்லை. அந்த ஆய்விலும் தேநீர்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. குடிக்கிறவர்களின் மற்றப் பழக்கங்களும் கலந்திருக்கும். ஆக, நல்ல பானம். மருந்து அல்ல!

ஆபத்து உண்டா? அளவாகக் குடிக்கும் ஆரோக்கியசாலிக்கு அச்சமில்லை. ஆனால் இலையின் சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கி விற்கிறார்களே, அது வேறு கதை. அத்தகைய மாத்திரைகளின் வழியாக, ‘ஈ.ஜி.சி.ஜி.’ என்னும் தேயிலைச் சத்தை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் ஈரல் பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. வெறும் வயிற்றில் உட்கொண்டால் அந்தச் சத்து இரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறுகிறது. பிரட்டுக்கு முன்னால், இருட்டில், வெறும் வயிற்றோடு காண்டாவைத் தோளில் தூக்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலைத் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரத்தச் சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு இதைக் குடிக்கலாகாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கவேண்டும். கர்ப்பிணிகள் காப்பி, தேநீர், தூள் எல்லாவற்றிலும் உள்ள கபீனைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரத்தம் உறையாதிருக்க ‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தத் தூளைத் தொடவே வேண்டாம்.

இனி இனிப்பு நீருக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இந்த வியாதி. இந்தியர்களிடையேயோ 100-க்கு 31 பேர்! வியாபாரி ஏன் நம் லயத்தைத் தேடி வருகிறார் என்பது இப்போது விளங்குகிறதா? நம் நோய் அவருக்குச் சந்தை!

மாத்திரையை நிறுத்தினால் என்ன நடக்கும்? முதல் வாரம் ஒன்றும் தெரியாது. “பார்த்தீர்களா, சுகமாக இருக்கிறீர்களே” என்பார். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். கால் மரத்துப்போகும். நிரையில் நடக்கும்போது குச்சி குத்தியது தெரியாது. புண் ஆறாது, அழுகும். பிறகு விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்! மரத்துக்கு மரம் நடந்து பிழைக்கிறவனுக்குக் கால் போனால் கஞ்சி போயிற்று. அன்று அந்தச் சட்டைக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நிற்பாரா?

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. நீரிழிவு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் முதலிய நோய்களைக் குணப்படுத்தும் என்று பொருளை விளம்பரப்படுத்துவது குற்றம். பதிவு பெற்ற மருந்தின் மேல் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத டப்பா வெறும் தின்பண்டம். மருந்து என்று சொல்ல அதற்கு வாயில்லை.

கிராணி நண்பர்களே! உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். சில தோட்டங்களில் இந்தத் தூளுக்கு ஏஜெண்டாக இருப்பவர்கள் நம்மவர்களே. பிரட்டில் பேர் கூப்பிடுகிறவர் விற்றால், வேண்டாம் என்று சொல்ல எந்தத் தொழிலாளிக்குத் துணிவு வரும்? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி. டப்பாவுக்கு 100 வெள்ளி என்றால் ஒன்றரை நாள் வியர்வை அதில் அடைபட்டிருக்கிறது! படித்த உங்கள் கண்கள் டப்பாவின் சிற்றெழுத்தைப் படித்து எங்களுக்குச் சொல்லட்டும். அதுவே நீங்கள் செய்யும் சேவை.

பச்சைத் தூள் வாங்காமலே செய்யக்கூடிய வைத்தியம் ஒன்று இருக்கிறது. நம் தேத்தண்ணீரில் ஊற்றும் டின் பாலில் ஏறக்குறையப் பாதி சீனி. அதன்மேல் இன்னும் இரண்டு கரண்டி சீனி! அதைக் குறையுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். வருமானம் குறைந்த, 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2019-ல் தொடங்கிய ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. கிளினிக்குக்குப் போக அரை நாள் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் நிர்வாகத்தோடு வாதாடுவது சங்கத்தின் வேலை. கிளைத் தலைவர்களே, அந்த வேலையைச் செய்யுங்கள்! டிரசரும் டாக்டரும் எட்டாத தூரத்தில் இருக்கும்வரை, பொய் வைத்தியன் வாசற்படியில்தான் இருப்பான்.

விருப்பமானவர் தேயிலையைக் குடிக்கட்டும். பொய்யை மட்டும் ஒருவரும் குடிக்கவேண்டாம்!